தொட்டில் முனையில் ஒரு கறுப்பு நூல்

பால்மாப் பைக்கற்றின் மூலையைக் கத்திரிக்கோல் நறுக்குகிற சத்தம். ஒரு சின்னச் 'சரக்'. அவ்வளவுதான். குசினியில் யாராவது அதைச் செய்தால் இன்றைக்கும் என் கை தானாக என் கழுத்துக்குப் போகிறது.

அதே கத்திரிக்கோல், அதே சத்தம், வேறொரு பொருளின் மேல். முறுக்கிய கறுப்பு நூல். மெழுகு ஏறியது, தடித்தது, பிள்ளை வளரும்வரை அறக்கூடாதென்றே முறுக்கியது. நடுவில் ஒரு வெள்ளிக் கூடு. உள்ளே, எழுதி மடித்த தகடு. நூல் கிடந்தது இன்னும் நடக்கத் தொடங்காத ஒரு குழந்தையின் கழுத்தில்.

பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், எங்கள் பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. கம்பசில் படிப்பிக்கிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், வங்கிக்காரர்கள். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு, அது அழத் தொடங்குமுன் கேற்றைத் தாண்டிவிட வேண்டுமென்று ஓடுகிறவர்கள். அங்கே நான் பல வருடம் ரீச்சராக இருந்தேன். பாட்டுச் சொன்னேன், மூக்குத் துடைத்தேன், நித்திரையாக்கினேன். பொறுப்பாளராக இருந்தவர் மகளோடு போய் இருக்கிறேனென்று கனடாவுக்குப் புறப்பட்டபோது கேற்றுக்கும் அறைகளுக்குமான திறப்புக் கோர்வையை என் கையில் வைத்து, "எல்லாம் உமக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். பிள்ளைகளைத் தெரியும். ஆனால் நேற்றுவரை என்னோடு குசினி வாசலில் நின்று பிளேன்ரீ குடித்தவர்கள், இன்றைக்கு நான் உள்ளே வந்தால் கதையை நிறுத்துகிறார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாது. மேலே ஒரு நிர்வாக சபை. கூட்டத்தில் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" அந்தக் கேள்விக்குள் 'ஓம், இருக்கு' என்று சொல்ல இடமே இல்லை. கீழே எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் யாருடைய முகத்தைப் பார்ப்பது? வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அது நரைதான் காட்டியது.

அப்படி இருந்த நாட்களில்தான் சாவகச்சேரியில் பொறுப்பாளர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருத்தி வந்து இருந்தாள். என்னைவிட நல்லாய் இளமை. அந்த ஊரிலேயே ஒரு நிலையத்தை ஆரம்பத்திலிருந்தே நடத்துகிறவள். ஸ்கூட்டியில் வந்திருந்தாள், தலைமயிர் ஹெல்மெற்றின் வடிவத்திலேயே அமுங்கிக் கிடந்தது. பருப்பைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு தெரியாட்டி ஆரிட்டைக் கேக்கிறனீங்கள்?"

"ஆரிட்டையும் இல்லை."

"எனக்குக் கோல் எடுங்கோ. ஆனா நல்ல சேதி சொல்ல எடுக்காதேங்கோ. அதுக்கு உங்களுக்கு ஆக்கள் இருப்பினம்."

சிரித்துவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அன்று முழுக்க அவள் என்னிடம் சொன்ன வேலைச் சங்கதி ஒன்றுதான். பிள்ளைகளின் கழுத்தில் எதுவும் இருக்க விடாதேங்கோ. சங்கிலி, பஞ்சாயுதப் பதக்கம், நூல், என்னவாக இருந்தாலும். தொட்டிலிலே எழும்பி நிற்கப் பழகிற வயசு பொல்லாதது.

எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே அது உள்ளே போய் இருந்துகொண்டது. இருந்துகொண்டு என்னைக் குத்தியது. அடுத்த நாளே தாய்மாரிடம் கேட்டேன். சங்கிலிகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்கள். சிலர் முகத்தைக் கோணிக்கொண்டார்கள், ஆனாலும் கழற்றினார்கள். ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள்.

கம்பசில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அவள். புருஷன் கொழும்பில் வேலை. கேற்றடியில் பிள்ளையைத் தோளில் போட்டபடி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ரீச்சர், இவனுக்கு முன்னம் ரெண்டைப் பறிகுடுத்தனான். இது வயித்திலை நிக்கேக்கையே நேந்து, பிறந்த பிறகு கோயிலிலை கட்டின நூல். நான் என்ன படிச்சிருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். இந்த நூலை மட்டும் கேக்காதேங்கோ."

நான் என்ன செய்தேன்? ஓம், இருக்கட்டும் என்றேன். எங்கள் ஊரில் ஒருத்தர் கட்டின நூலை இன்னொருத்தர் தொடுவதில்லை. அது தானாக இற்று விழவேண்டும், அல்லது கட்டினவர் அவிழ்க்கவேண்டும். வெட்டினால் எதை வெட்டினதாய் ஆகும் என்று யாரும் சொல்லுவதில்லை. சொல்லாததால் பயம் இன்னும் பெரிது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் நித்திரை. ஃபான் சுத்துகிற சத்தம் மட்டும். நான் மேசையில் மாத அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நித்திரை அறையிலிருந்து சின்ன ரீச்சர் என்னைக் கூப்பிட்டாள். அது கூப்பிட்டதல்ல, தொண்டையில் ஏதோ கிழிந்தது.

அந்தப் பிள்ளை நித்திரையால் எழும்பித் தொட்டில் மூலையைப் பிடித்து நின்றிருக்கிறான். மூலைக் காலின் தலையில் உருண்டையாக ஒரு மரக் குமிழ். நூல் அதில் மாட்டிக்கொண்டது. அவன் இருக்கப் பார்த்திருக்கிறான். கால் மடங்கியது, நூல் மடங்கவில்லை.

சின்ன ரீச்சர் அவனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள், ஒரு கையால் நூலைக் குமிழில் இருந்து கழற்றப் பார்க்கிறாள், அவன் திமிறத் திமிற அது முறுகிக்கொண்டே போகிறது. அவன் முகத்து நிறத்தை எழுத வரவில்லை எனக்கு. அழுகைச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் அந்த அறை முழுக்க இருந்தது. குசினிக்கு ஓடினேனா, யாரும் கொண்டுவந்து தந்தார்களா, நினைவில்லை. பால்மாப் பைக்கற் வெட்டுகிற கத்திரிக்கோல் என் கையில். 'சரக்'.

பிறகு அவன் கத்தினான். என் வாழ்நாளில் கேட்ட சங்கீதம் எல்லாவற்றையும் அந்த ஒரு கத்தலுக்கு விற்றுவிடுவேன்.

ஒழுங்கை முகப்பில் இருக்கிற டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். டொக்டர் வாய்க்குள் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ஒரு பொம்மையை ஆட்டிக் கண்ணைப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பின்னேரம்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அது இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார்.

தாய்க்கு எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது; பரீட்சை மண்டபத்தில் நிற்கிறாள், பின்னேரம்தான் வருவாள். போன் நிறுத்தியிருக்கிறது என்று கேட்டவுடன் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் முதல் பயந்தேன்.

நாங்கள் திரும்பி வரும்போது சமையல் செய்கிற அக்கா கேற்றடியில் நின்றார். எங்களில் மூத்தவர், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியே கை தேய்ந்தவர். சந்தைக்குப் போய் வந்திருந்தார். கைக்குள் ஒரு கடதாசிச் சுருள். விரித்தார். கறுப்பு நூல். அதே தடிப்பு, அதே முறுக்கு.

"கூட்டைக் கோத்து அதே மாதிரி முடிஞ்சு விடுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"கழுத்திலை அடையாளம் இருக்கே அக்கா."

"பவுடரைப் போட்டால் தெரியாது. கேட்டா வேர்க்குரு எண்டுவம். இஞ்சை பார், வெள்ளிக்கிழமையிலை நூலை வெட்டிப்போட்டம் எண்டு சொன்னா அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளுமே? ரெண்டைப் பறிகுடுத்தவள். உண்மையைச் சொல்லி அவளை ஏன் கொல்லவேணும்?"

அந்தப் பிள்ளை என்றது தாயை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது களவாக இருந்திருந்தால் வாய் திறந்து ஏசியிருப்பேன். அது இரக்கமாக இருந்தது. சின்ன ரீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதபடி, "அக்கா சொல்லுறது சரி ரீச்சர், இல்லாட்டி இந்த இடத்தை இழுத்து மூடுவினம்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவர் முடியத் தொடங்கினார். நான் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காய்கிற கொடிக்குக் கீழே நின்று சாவகச்சேரிக்காரிக்கு எடுத்தேன்.

"நல்ல சேதியோ, கெட்ட சேதியோ?" என்று தொடங்கினாள். என் மூச்சைக் கேட்டதும் குரல் மாறியது. "பிள்ளை எப்பிடி? முதல் அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். மூச்சு, அழுகை, பால் குடித்தானா, சிரித்தானா, டொக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"நூல்?"

"அதே மாதிரிப் புதுசு முடியினம்."

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பிள்ளை நிலாப் பாட்டைப் பிழையாகப் பாடிக்கொண்டிருந்தது.

"நான் திறப்பைக் குடுத்திட்டுப் போகப்போறன்," என்றேன். "எனக்கு உது ஏலாது. நான் ரீச்சராய் இருக்க வந்தனான். இண்டைக்கே எழுதிக் குடுக்கிறன். வாற ஆள் பாக்கட்டும்."

"திறப்பைக் குடுக்கிற ஆள் தாய் வரமுதல் குடுக்கப்போறாவோ, வந்த பிறகு குடுக்கப்போறாவோ?"

கொடியில் கிடந்த ஒரு சின்னச் சட்டையைப் பிடித்தேன்.

"அந்தரப்படாதேங்கோ அக்கா. நான் வாறன். நான் வந்து ஒண்டும் கதைக்கமாட்டன், சும்மா பக்கத்திலை நிப்பன். என்ன சொல்லுறது எண்டு நீங்கள்தான் பாக்கவேணும். நான் வருமட்டும் பிள்ளையை மடியிலை வைச்சிருங்கோ, இறக்காதேங்கோ."

இறக்கவில்லை. அவன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினான், சேலைத் தலைப்பைச் சப்பினான், சிரித்தான். அவன் சிரித்த ஒவ்வொரு முறையும் கழுத்துச் சிவப்பு மேலே தெரிந்தது. வீதிப் பக்கம் ஒவ்வொரு ஹோர்ன் சத்தத்துக்கும் கேற்றைப் பார்த்தேன். அவள் முதல் வருவாளா, தாய் முதல் வருவாளா? மேசையில் முடிச்சுப் போட்டு முடித்த புது நூல், கூட்டோடு. அதற்குப் பக்கத்தில் வெட்டிய நூல், ஒன்றும் இல்லாமல். புது நூல் எவ்வளவு வடிவாக இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். எடுத்து அவன் கழுத்தில் போட ஒரு நொடி. என் கை அதைத் தொட்டது. தொட்டது, எடுத்தது, வைத்தது, திரும்ப எடுத்தது.

அவள்தான் முதல் வந்தாள். ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்தாள், அவன் கன்னத்தில் ஒரு விரலால் தட்டினாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"ஆர் முடிஞ்சது?"

சமையல் அக்கா நிமிர்ந்து நின்றார். "நான்தான். ஏன்?"

"பூமாலை கட்டுற ஆக்கள் தோத்துப்போவினம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. குசினிக்குள் போய்விட்டார். சாவகச்சேரிக்காரி ஒரு பிள்ளைக் கதிரையை இழுத்து, முழங்கால் நாடியில் முட்ட அதில் இருந்தாள். என்னை என்ன செய் என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், சொல்லுவாளென்று. சுவரில் கீறியிருந்த தவளையை அக்கறையாகப் பார்த்தபடி இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இதற்கா அவ்வளவு தூரம் வெயிலில் வந்தாய் என்று கேட்க வாய் உன்னியது. அந்தக் கோபத்தோடுதான் புது நூலை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கம், பல்லால் இழுத்தேன். கூட்டைக் கழற்றி வெட்டிய நூலில் திரும்பக் கோத்து, அறுந்த நுனிகள் தெரிய ஒரு வெள்ளைத் துணியில் வைத்தேன்.

கேற்றுத் திறக்கிற சத்தம்.

தாய் பரீட்சைக் களைப்போடு வந்தாள். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. பிள்ளை அவளைக் கண்டதும் பாய்ந்தான். அவள் வாங்கி அணைத்து, வழமைபோலக் கழுத்தில் மூக்கை வைத்தாள். நிமிர்ந்தாள்.

"நூல் எங்கை?"

நின்றபடியே சொன்னேன். எல்லாம் சொன்னேன், ஒழுங்காகவும் இல்லை, அழகாகவும் இல்லை. தொட்டில், குமிழ், முகம், கத்திரிக்கோல், டொக்டர். துணியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஆர் வெட்டினது?"

"நான்."

"எதாலை?"

"குசினிக் கத்திரிக்கோலாலை."

"எனக்குத் தொட்டிலைக் காட்டுங்கோ."

காட்டினேன். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி அந்த மரக் குமிழைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே நின்றாள். சாவகச்சேரிக்காரி அறை வாசலில் வந்து நின்றாள். சமையல் அக்கா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விழுவாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, வெட்டு, நேர்த்தி, இரண்டு பிள்ளைகள். விழுந்தால் பிடிக்க ஒரு அடி முன்னே வைத்தேன்.

அவள் விழவில்லை. திரும்பினாள்.

"நான் கழட்டமாட்டன் எண்டு சொன்னனான். ரெண்டைப் பறிகுடுத்த நான் அப்பிடித்தான் சொல்லுவன். நீங்கள் ஏன் ஓமெண்டனீங்கள்?"

நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல அது. அதற்கு என்னிடம் பவுடரும் இல்லை, நூலும் இல்லை.

"உங்கடை மனம் நோகும் எண்டு..."

"என்ரை மனமோ? என்ரை மனத்தைப் பாக்கவோ பிள்ளையை உங்களிட்டை விட்டனான்? எனக்கு ஒரு பிள்ளையைத்தான் தெரியும் ரீச்சர். உங்களுக்கு எத்தினை பிள்ளையளைத் தெரியும்! என்னோடை சண்டை பிடிச்சிருக்க வேண்டாமோ? கேற்றைப் பூட்டி, நூலோடை வராதை எண்டிருக்க வேண்டாமோ?"

வாசலைப் பார்த்தேன். சாவகச்சேரிக்காரியின் கண் என்மேல் இருந்தது, வாய் பூட்டிக் கிடந்தது. அவள் வாக்கு மாறமாட்டாள். அந்த அறையில் பதில் சொல்ல இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

"பிடிச்சிருக்கவேணும்," என்றேன். "அண்டைக்கு நான் பொறுப்பாளராக் கதைக்கேல்லை. திங்கட்கிழமையிலையிருந்து ஒரு பிள்ளையின்ரை கழுத்திலையும் ஒண்டும் இராது. ஆர் கோவிச்சாலும். இந்தக் குமிழெல்லாத்தையும் நாளைக்கு அரிஞ்செடுப்பிக்கிறன். நீங்கள் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அதுதான், கொண்டுவராட்டிலும் அதுதான்."

அவள் துணியிலிருந்து கூட்டை மட்டும் எடுத்தாள். வெட்டிய நூலைத் துணியிலேயே விட்டாள். கூட்டைக் கைக்குள் பொத்தி, பிள்ளையின் விரிப்பு, தலையணை, போர்வை எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் திணித்தாள். வெள்ளிக்கிழமைகளில் எல்லாத் தாய்மாரும் படுக்கையைக் கழுவ வீட்டுக்கு எடுத்துப்போவது வழமை. அதனால் அவள் கழுவக் கொண்டுபோகிறாளா, ஒரேயடியாகக் கொண்டுபோகிறாளா, அந்தப் பையைப் பார்த்து யாராலும் சொல்ல ஏலாது. கேற்றைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் அவன் மட்டும் எங்களுக்குக் கையை ஆட்டினான். அது இங்கே நாங்கள் பழக்கிவிட்டது.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு ஒழுங்கையில் சாவகச்சேரிக்காரியின் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அவளுக்கு ஏ-9 வீதியால் திரும்பவும் ஓடவேண்டும்.

"ஒரு சொல்லுக்கூட உதவியாச் சொல்லேல்லை நீர்," என்றேன்.

"நான் வாய் திறந்திருந்தா அவ என்னோடை கதைச்சிருப்பா. அவ உங்களோடை கதைக்கவேணும்." ஹெல்மெற்றுப் பட்டியை இழுத்துப் பூட்டினாள். "என்ரை இடத்திலை ஒரு பிள்ளைக்குப் பல்லு உடைஞ்ச அண்டைக்கு நான் தனியத்தான் நிண்டனான் அக்கா. அது சரியில்லை. அதுதான் வந்தனான். வேறை ஒண்டும் இல்லை."

"அவ வரமாட்டா."

"எனக்குத் தெரியாது."

"வராட்டி?"

அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் சத்தமாகச் சொன்னாள்.

"திங்கள் விடிய கோல் எடுப்பன்."

"அந்தப் பிள்ளை வந்ததோ எண்டு கேக்கவோ?"

"அதைக் கேக்கமாட்டன். திறப்போடை வந்து கேற்றை ஆர் திறந்தது எண்டுதான் கேப்பன். போட்டு வாறன் அக்கா."